நூற்றுக்கு நாலரை

“ஏ புள்ள, பை அறுவது டாலரு. கூரியருக்கு இருவது. எம்பது டாலருக்குப் பேங்க்ல இம்புட்டுதான் வருமா?”

பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த மதினி அதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மதினி என்றால் என் கணவரின் அக்கா. என் கைபேசி அவர் பக்கத்தில் கிடந்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் கண்ணில் பட்டிருந்தால் ‘காசு வந்துருச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். மதினி அப்படிப்பட்டவர் இல்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்பே எடைக்கல்லைப் பார்ப்பவர்.

“டாலரு எம்பத்தஞ்சுன்னு வச்சாக்கூட ஆறாயிரத்து எண்ணூறு வரணும். ஆறாயிரத்து நூத்திச் சொச்சம்தான் வந்துருக்கு. மிச்சம் எங்க போச்சு?”

“அது சர்வீஸ் சார்ஜ் மதினி. வெளிநாட்டுக் கார்டுல காசு வாங்கித் தர்ற கம்பெனி புடிச்சுக்கிறான். நூத்துக்கு நாலரை.”

கடைசி இரண்டு சொற்களை நான் வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

“நூத்துக்கா?”

“ஆமா.”

“நூத்துக்கு இம்புட்டுன்னா அது வட்டி. கூலின்னா ரூவாயில சொல்லுவாக. இறக்குகூலி மூட்டைக்கு இம்புட்டு, தையக்கூலி பைக்கு இம்புட்டு. நூத்துக்கு இம்புட்டுன்னு பேசுறவன் வட்டிக்காரன் மட்டுந்தான்.”

மதினிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பாத்திரம் தேய்ப்பார். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பாதி டேப் ஒட்டிய பார்சலோடு நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. மாடியில் என் கணவர் தோல் வெட்டித் தைக்கிறார். பை, பர்ஸ், பெல்ட். கீழே முன்னறையில் நான் படம் எடுத்து, விவரம் எழுதி, இணையத்தில் போட்டு விற்கிறேன். மதினி ஒவ்வொரு பையின் தையலையும் இழுத்துப் பார்த்து, துடைத்து, பார்சல் கட்டுகிறார். உள்ளூர்க் கடைகளுக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் காசு வருவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் காசைக் கட்டிவிட்டுத்தான் பை கேட்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சொர்க்கம் திறந்த மாதிரி இருந்தது. மலேசியா, கனடா, லண்டன் என்று எங்கள் பைகள் போகத் தொடங்கின. திண்டுக்கல் தபால் நிலையத்துப் பார்சல் கவுண்டரில் எங்களைக் கண்டாலே வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

தொழிலுக்குப் போட்ட முதல் மதினியுடையது. மதினியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிறுமலை வாழைப்பழம் வந்து ஏலம் போகும் கமிஷன் கடை ஒன்றில் அவருக்குப் பங்கு இருந்தது. அவர் இறந்த பிறகு மதினி மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இருந்த வளையல்களை விற்று, ‘மெஷின் வாங்குங்க’ என்று தம்பியிடம் கொடுத்தார். கடனாக இல்லை, பங்காக. லாபத்தில் பாதி மதினிக்கு என்று பேச்சு. நஷ்டத்தைப் பற்றியும் அன்றைக்கு ஏதோ பேசினோம். தொழில் தொடங்கும் நாளில் நஷ்டப் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

பாத்திரச் சத்தம் நின்றது. மதினி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“எம் மக கல்யாணத்துக்கு இந்தக் காசுலதான் சோறு போடணும். ஊரே வந்து சாப்புடும். வட்டி நமக்கு ஹராம். அது கலந்த காசுல நான் சோறு போட மாட்டேன். எம் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு புள்ள. நான் வருத்தமாச் சொல்லல. ஆனா குடுத்துரு.”

மதினியின் பங்கு என்றால் அந்தத் தையல் மெஷின்தான். அதை விற்றால்தான் பங்கு. அதை விற்றால் கடை இல்லை. கணவர் மறுபடியும் உள்ளூர்க் கடை வாசல்களில் ‘பாக்கி’ என்று நிற்க வேண்டும். நான் மறுபடியும் ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

பயந்தால் எனக்கு வாய் நீளும். “அண்ணன் கமிஷன் கடையில நூத்துக்குப் பத்துப் புடிச்சாகளே, அதுவும் வட்டியா மதினி?” என்று கேட்டுவிட்டேன்.

மதினி மெதுவாகச் சொன்னார். “அவரு விடியக்காலம் எந்திரிச்சுப் போய் ஏலம் கூவுனாரு. தொண்டை கட்டி, வெந்நீ குடிச்சுக்கிட்டு வந்து படுப்பாரு. மலையிலருந்து வாழைத்தார் கொண்டு வந்தவன் எதிர்லயே நிப்பான். கேள்வி கேட்டா அவருதான் பதில் சொல்லணும். உன் கம்பெனிக்காரன் எங்க நிக்கிறான்? என்னத்தக் கூவுறான்? சொல்லு, கேப்போம்.”

இத்தனை நாள் காசு வாங்கியிருக்கிறேன், பிடித்தவர் என்ன வேலைக்குப் பிடித்தார் என்று எனக்கே தெரியாது. மதினியின் கேள்வி நியாயமான கேள்வி என்பதுதான் என்னை மிகவும் எரிச்சல்படுத்தியது.

வட்டி விஷயத்தில் மதினி வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. சேமிப்புக் கணக்கில் வங்கி தானாகப் போடும் வட்டியை வருஷா வருஷம் விசாரித்துத் தனியாக எடுப்பார். அதில் ஒரு பிடி உப்புக்கூட வீட்டுக்கு வாங்க மாட்டார். அந்தக் காசு தர்மக் கணக்கில் சேராது என்பதால், நன்மையை எதிர்பார்க்காமல் பொதுக் கழிப்பறை மாதிரி ஏதாவது ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருமுனைக் கழிப்பறையின் தாழ்ப்பாள் மதினியின் வட்டிக்காசு. என் கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ‘அக்கா புண்ணியம்’ என்று சொல்லி அடி வாங்குவார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். என்னைவிட வயதில் சின்னவர், அவசரமாகப் பேசுகிறவர். ஸ்பீக்கரில் போட்டு, போனை டேப் உருளைமேல் சாய்த்து வைத்து, மதினியையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஹராமா ஹலாலா, ஒரு சொல்லில் முடித்துவிடுவார் என்று நம்பினேன்.

“எதுக்குப் புடிக்கிறாங்க?” என்றார் ஹஜ்ரத்.

“சர்வீஸ் சார்ஜுங்க ஹஜ்ரத்.”

“அது பேரு. வேலை என்ன? சதவீதத்துல சொல்றாங்களா ரூபாயில சொல்றாங்களான்னு பாத்துச் சொல்ற விஷயம் இல்லம்மா. செஞ்ச வேலைக்குப் புடிச்சா கூலி. குடுத்த காசுக்கு நாள் கணக்குப் பாத்துப் புடிச்சா வட்டி. ஒவ்வொன்னும் எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க, இன்ஷா அல்லா சொல்றேன்.” வைத்துவிட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

“சரி மதினி. ஒவ்வொன்னா கேட்டுட்டு வாரேன். அது வரைக்கும் பங்குப் பேச்சு பேசக்கூடாது.”

“கேளு,” என்றார். “ஆனா முழுசாக் கேளு.”

முழுசாகக் கேட்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படித்தவள். கம்பெனியின் கட்டண விவரப் பக்கம் முழுதும் இங்கிலீஷ். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்தைத் தேடிப் போனால் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இன்னொரு பத்தி. நேர்மையாகக் காசு பிடிக்கிறவர்கள் ஏன் எழுத்தைச் சின்னதாகப் போட வேண்டும் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு படித்தேன். புரியாத சொல்லைக் கைபேசியில் தமிழாக்கினால் அது இன்னும் புரியாமல் வந்தது.

கம்பெனியின் உதவிப் பெட்டியில் கேள்வியைத் தட்டினேன். எதிரில் மனிதர் இல்லை, மெஷின். நான் எதைக் கேட்டாலும் ‘உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது’ என்றது. பாதுகாப்பாக இருக்கிறதா என்று நான் எப்போது கேட்டேன்? மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினேன். மறுபடியும் எழுதினேன். காலையில் இட்லி ஊற்றிவிட்டு எழுதினேன், துணி காயப்போட்டுவிட்டு எழுதினேன். கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, “இன்னுமா?” என்றார். இன்னும்தான் என்றேன். மெஷினுக்குச் சலிப்பு வராது, எனக்கும் வராது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த வாரக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். நல்ல தமிழ், நல்ல பொறுமை. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் இப்படி வரிவரியாகக் கேட்டதில்லை என்று சிரித்தார்.

அவர் சொன்னதை அப்படியே மதினிக்குச் சொன்னால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். அதனால் மதினி மொச்சை உரித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கூட உட்கார்ந்து உரித்துக்கொண்டே சொன்னேன். கை வேலையாக இருந்தால் மதினி எழுந்து போக மாட்டார்.

“கனடாவுல ஒரு பொம்பள நம்ம பையைப் பாக்குது மதினி. அதுக்கு நம்மளத் தெரியாது. நமக்கு அதைத் தெரியாது. அது கார்டு நெசமா, திருட்டுக் கார்டா, அதுல காசு இருக்கா, இல்லையா, இதெல்லாம் அங்க இருக்குற அதோட பேங்க்ல போய்க் கேட்டு, ‘ஆமா, நெசந்தான்’னு நமக்குச் சொல்லணும். அதுக்கு நடுவுல கார்டுக்காரன் ரோடு போட்டு வச்சுருக்கான். அந்த ரோட்டுல போக அவனுக்கு ஒரு பங்கு. அந்த பேங்குக்கு ஒரு பங்கு. மிச்சந்தான் நம்ம கம்பெனிக்கு. நாளைக்கே அந்தப் பொம்பள ‘நான் வாங்கவே இல்லை’ன்னு புகார் குடுத்தா, அதை வாங்கி விசாரிக்கிறவனும் இவன்தான்.”

“உள்ளூர்க் கார்டுக்கும் இம்புட்டுதானா?”

“இல்ல. இது வெளிநாட்டுக் கார்டுங்குறதால கூடுதல். ஏமாத்து வெளிநாட்டுல இருந்துதான் அதிகம் வருதாம், தூரமும் அதிகம்.”

மதினி ஒரு மொச்சையை உரித்து, புழு இருக்கிறதா என்று பார்த்தார். “நூத்துக்குன்னு ஏன் சொல்றான்?”

“பை பெருசானா அவன் தலைமேல இருக்குற பொறுப்பும் பெருசுதானே? அண்ணன் பெரிய தாருக்கும் சின்னத் தாருக்கும் ஒரே கமிஷனா வாங்குனாக?”

அண்ணனை இழுத்ததற்கு ஒரு முறை முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. கமிஷனோடு ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகச் சில சில்லறை என்று ஒரு நிலையான தொகை உண்டு என்றேன். “அது இறக்குகூலி,” என்று மதினியே சொன்னார். பிடித்த கூலியின்மேல் அரசாங்கத்துக்கு ஜிஎஸ்டி என்றேன். “அது எங்கதான் இல்ல,” என்றார்.

கூரியர் காசு இருபது டாலருக்கும் சேர்த்துத்தான் அந்த நாலரை என்று சொன்னபோதுதான் கையில் இருந்த மொச்சையைப் போட்டுவிட்டார். “தபாலாபீஸுக்குப் போற காசுலயுமா? அதுல நமக்கு ஒரு பைசா லாபம் இல்லையே!” எனக்கும் அதைக் கேட்டபோது அப்படித்தான் இருந்தது. சென்னைப் பெண்ணிடம் சண்டையே போட்டேன். கார்டு வழியாக மொத்தமாக வருவது எண்பது, அவர்கள் சுமப்பது எண்பது, அதில் எது பைக்கு எது தபாலுக்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். பதில் சரிதான். சரியான பதில் என்பதற்காக எனக்கு அது பிடித்துப்போக வேண்டும் என்று ஏதும் இல்லை.

டாலர் ரூபாயாக மாறும் இடம் வந்தது. அன்றைய செய்தியில் சொன்ன விலையைவிட டாலருக்கு மூன்று ரூபாய் குறைத்துத்தான் எங்களுக்குப் போடுகிறார்கள். இதற்குக் கட்டணம் என்று எந்த இடத்திலும் ஒரு வரி இல்லை, விலைக்குள்ளேயே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் மதினி என்ன சொல்வாரோ என்று பயந்தேன். மதினிக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

“மக்காவுக்கு உம்ரா போறப்ப ரியால் மாத்துனோம்ல. அவன் வாங்குற விலை ஒன்னு, விக்கிற விலை ஒன்னு. அது யாவாரம். ஆனா அவன் போர்டு எழுதிப் போட்டுருந்தான். இவன் ஏன் போர்டு போடல?”

“அதைத்தான் நானும் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“சிரிச்சா.”

மதினியும் சிரித்துவிட்டார். நீண்ட நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வரி பாக்கி இருந்தது. விற்பனைக் காசு கம்பெனி கைக்கு வந்துசேர ஒரு வாரம் ஆகுமாம். எங்களுக்கோ அன்றைக்கே வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கம்பெனியின் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். கணக்குத் திறந்த நாளிலேயே ‘உடனடிப் பட்டுவாடா’ என்ற இடத்தில் பச்சை டிக் தானாகப் போட்டிருந்தது. “உங்க காசு வர்றதுக்கு முன்னாடியே நாங்க எங்க கையிலருந்து தர்றோம் மேடம். எத்தனை நாள் முன்னாடி தர்றோமோ அதுக்கேத்த மாதிரி ஒரு சின்னச் சார்ஜ்,” என்று சென்னைப் பெண் சொன்னபோது, ஹஜ்ரத் சொன்னது என் காதில் மணியடித்தது. கொடுத்த காசு. நாள் கணக்கு. இது வேலை இல்லை. இது அச்சு அசல் அதுதான்.

சொல்லாமல் அந்த டிக்கை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மதினி மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். இந்த ஒன்றை விழுங்கிவிட்டால் மெஷின் தப்பிவிடும், கடை தப்பிவிடும். ஆனால் ‘முழுசாக் கேளு’ என்று சொன்னவரிடம் முழுசாகச் சொல்லவும் வேண்டும். மொச்சைத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து சொன்னேன்.

“சொன்னேன்ல,” என்றார் மதினி.

அந்த ‘சொன்னேன்ல’வை இரண்டு நாளைக்குக் காதில் கேட்டேன். சோற்றுக்கு உப்புக் கூடினால் ‘சொன்னேன்ல’. மாடிக் கதவு காற்றில் அடித்தால் ‘சொன்னேன்ல’. ஐந்து விஷயத்தில் நான் ஜெயித்தேன், ஒன்றில் மதினி ஜெயித்தார். வீட்டில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தலைகீழ் என்று நினைப்பீர்கள்.

ஹஜ்ரத்திடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மற்றவை கூலிதான், தாராளமாகக் கொடுங்கள், அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடுங்கள், தெரியாமல் நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள் என்றார். மதினி பார்க்கும்படி வைத்துக்கொண்டு பச்சை டிக்கை எடுத்தேன். உறுதிதானா என்று திரை கேட்டது. உறுதிதான் என்று அழுத்தினேன்.

“பங்கை என்ன மதினி செய்யுறது?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாள் பாக்குறேன். இன்னும் முடிவு சொல்லல.”

அது போதும் என்று விலையைச் சரிசெய்யும் வேலையில் இறங்கினேன். அதிலும் முதலில் கோட்டைவிட்டேன். வரியும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து போகிறது என்றால் நூறு ரூபாய்ப் பொருளை நூற்றைந்து என்று விற்றால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நூற்றைந்துக்கும் அவர்கள் ஐந்து வீதம் பிடிப்பார்கள், கையில் நூறு நிற்காது. கூட்டிய காசுக்கும் கூலி உண்டு. கையில் எவ்வளவு நிற்க வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும் என்று புரிந்துகொண்டு, தபால் காசையும் டாலர் மாற்றும் மூன்று ரூபாயையும் உள்ளே போட்டு, எல்லாப் பைக்கும் புது விலை வைத்தேன். வாங்குபவர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயமாகத்தான் இருந்தது. ஓடவில்லை. இத்தனை நாள் அந்தக் காசை நாங்கள் எங்கள் சோற்றிலிருந்து கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

பிறகுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. லண்டனில் ஒரு கல்யாண வீடு. வந்தவர்களுக்குக் கொடுக்க இருபது பைகள். முழுக் காசும் கட்டிவிட்டார்கள். நான் அடுப்படியில் குதித்தேன். கணவர் மாடியிலிருந்து தோல் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். வந்து நின்றவர் முகத்தில் சிரிப்புப் பாதியில் நின்றது.

“தோலுக்குக் காசு?”

தோல் மண்டியில் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு ரொக்கம்தான். லண்டன்காரர் கட்டிய காசு கம்பெனியிடம் இருந்தது. அது வர ஒரு வாரம், நடுவில் வங்கி விடுமுறை வேறு. கையில் இருந்தது இரண்டு பைக்குத்தான் வரும். திரையைத் திறந்தேன். காத்திருந்த மாதிரி பச்சைப் பொத்தான் ஒன்று மின்னியது. பணம் இன்றே வேண்டுமா?

மதினி வீட்டில் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சித்தையன்கோட்டைக்குப் போயிருந்தார். கணவர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பொத்தானைப் பார்த்தார். ‘அழுத்து’ என்று அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். இருபது பை. அந்தக் கல்யாண வீட்டுக்கு வருபவர்கள் கையில் எல்லாம் எங்கள் பை. அந்த மாதிரி ஆர்டர் எங்களுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

“வேணாங்க,” என்றேன்.

“நீ சொன்னாச் சரி,” என்று மேலே போய்விட்டார்.

லண்டன் பெண்ணுக்கு எழுதினேன். தோல் வாங்கப் பணம் வந்துசேர ஒரு வாரம் ஆகும், அதனால் பைகள் ஒரு வாரம் தள்ளி வரும், பொறுத்துக்கொள்ள முடியுமா என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் மரியாதையாகவே பதில் எழுதினார். கல்யாணத் தேதியை மாற்ற முடியாது, மன்னிக்கவும், காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பைகள் அழகாக இருந்தன. திருப்பிக் கொடுப்பது சுலபம். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் கட்டிய காசு ஒரு பைசா குறையாமல் அவருக்குப் போய்விடுகிறது.

அடுத்த நாள் எங்கள் கணக்கைத் திறந்தேன். இருப்பு மைனஸில் இருந்தது. ஆறாயிரத்து இருநூறு ரூபாய். லண்டன் காசைக் கார்டிலிருந்து வாங்கியதற்கான கூலி. விற்பனை ரத்தானாலும் கூலி திரும்பாது என்று அந்த எறும்பு எழுத்தில் இருந்ததாம். அத்தனை நட்சத்திரங்களைத் தேடிப் படித்தவள் அந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தேன்.

மதினி சித்தையன்கோட்டையிலிருந்து வந்து பர்தாவைக் கழற்றுவதற்குள் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். ஒரு பை விற்கவில்லை, ஒரு பை தைக்கவில்லை, ஒரு தையல் போடவில்லை, ஒரு பையின் முழு விலை போய்விட்டது என்றேன். “திருட்டுப் பயலுக மதினி. யாவாரமே நடக்கல. என்னத்துக்குக் கூலி? நீங்க சொன்னதுதான் சரி. இது வட்டியவிட மோசம்.”

சொல்லிவிட்டு, மதினி இப்போது பங்கைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். மகள் கல்யாணம் பேசிவிட்டு வருகிறவர், ஆறாயிரம் இல்லாமல் போகிற இடத்தில் யார் காசை வைத்திருப்பார்கள்?

மதினி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

“மலையிலருந்து தார் வருது. சுமைக்காரன் எறக்கி வைக்கிறான். அன்னைக்கு ஏலம் போகல. தார்க்காரன் திருப்பி ஏத்திக்கிட்டுப் போறான். எறக்குனவன்ட்டக் கூலியைத் திருப்பிக் கேப்பியா?”

நான் காலிச் சொம்பை வாங்கி வைத்தேன்.

“லண்டன்லருந்து காசை வாங்குனான்ல? திருப்பியும் குடுத்தான்ல? வேலை செஞ்சான்ல? அப்ப அது கூலிதான். நீதானே எனக்குச் சொன்ன.” கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “பச்சை டிக்கைப் போட்டுருந்தா ஆர்டர் கைய விட்டுப் போயிருக்காதுல்ல?”

“போயிருக்காது.”

“எனக்குத் தெரிஞ்சும் இருக்காது.”

“இருக்காது.”

மதினி உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடித்த நோட்டுகளை என் முன்னால் பார்சல் மேசைமேல் வைத்தார்.

“மூவாயிரத்து நூறு. சரியான்னு எண்ணிப் பாத்துக்க.”

“எதுக்கு மதினி?”

“எம் பாதி. லாபத்துல பங்கு கேட்டேன்ல, நஷ்டத்துலயும் பாதின்னு அன்னைக்கே பேசுனோம்ல. நஷ்டத்துக்கு நிக்காம காசை மட்டும் கேட்டா, அப்புறம் எனக்கும் வட்டிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?”

கல்யாணத்துக்கு வைத்திருக்கும் காசு, உள்ளே வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவர் பங்காளி இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். நோட்டுகளை எடுத்து எண்ணினேன். சரியாக இருந்தது. மதினி டேப் உருளையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மலேசியாவுக்குப் போக வேண்டிய பார்சலைத் தன் பக்கம் இழுத்தார்.